செவிலுக்குப் போன பெட்டியில் இல்லாத சட்டை

ஜூலை மாதம், ஒரு சனிக்கிழமை, காலை ஐந்து மணி. ஆரம்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் வாடகைக் கார் வந்து நின்றபோது நானும் அம்மாவும் ஆளுக்கொரு பெட்டியோடு தயாராக இருந்தோம். இரண்டும் விமானத்துக்குள்ளேயே கையில் எடுத்துப்போகும் அளவுள்ள சின்னப் பெட்டிகள். ஏழு கிலோவைத் தாண்டக்கூடாது. முந்தின நாள் மாலை தெருமுனை மளிகைக் கடைத் தராசில் வைத்து நிறுத்தேன். அம்மாவுடையது ஆறு கிலோ எண்ணூறு கிராம், என்னுடையது ஆறு கிலோ தொள்ளாயிரம்.

டிரைவர் முருகன் எங்கள் தெருக்காரர். டிக்கியைத் திறந்துவிட்டு எங்களையும் பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாக்கா, ரெண்டே பொட்டிதானா? துபாய் போறவங்கோ ஆறு அட்டப்பொட்டிய கயிறு கட்டி ஏத்துவாங்கோ."

"எம்பொண்ணு லிஸ்ட்டு போட்டுகிறா முருகா" என்றாள் அம்மா. "லிஸ்ட்ல இல்லாதது ஒரு ஊசி கூட ஏறாது."

சென்னை விமான நிலையம் வரை எழுபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். சுங்கக் கட்டணம் சேர்த்து 2,300 ரூபாய். கும்மிடிப்பூண்டி தாண்டும்போது தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் முடியவில்லை. அப்பாவும் அங்கே ஒரு கிடங்கில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். போனில் மட்டும் "பாத்து பத்திரம்" என்றார்.

நாங்கள் போனது ஸ்பெயின் நாட்டில் செவில் என்ற ஊருக்கு. நான் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான், பொறியியல் படித்த முதல் ஆளும் நான்தான். இரண்டு வருடம் சேமித்து, என் சொந்தக் காசில் அம்மாவை வெளிநாடு கூட்டிப்போனேன். அம்மாவின் பாஸ்போர்ட்டில் இருப்பது அவள் கையெழுத்து, கைநாட்டு இல்லை. அதை நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது அவளுக்குக் கற்றுக்கொடுத்தேன். இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், எனக்கு இதில் பெருமை உண்டு, மறைக்க விரும்பவில்லை.

செவிலைத் தேர்ந்தெடுக்க இரண்டு காரணங்கள். ஒன்று, ஜூலையில் அங்கே அறை வாடகை ஏறக்குறைய பாதி. ஏன் பாதி என்று நான் யோசிக்கவில்லை. இரண்டாவது, என் கைபேசியில் அம்மா பார்த்த ஒரு வீடியோ. பிளாசா தே எஸ்பானியா என்ற பெரிய அரைவட்ட மாளிகை, அதன் முன்னால் ஒரு வாய்க்கால், வாய்க்காலில் சின்னச் சின்னப் படகுகள். ஆட்கள் தாங்களே துடுப்புப் போட்டுப் போகிறார்கள். அம்மா அதை நாலு தடவை திரும்பத் திரும்பப் பார்த்தாள். "இந்தப் படகுல ஒரு தபா குந்தணும்டி" என்றாள். அம்மா என்னிடம் தனக்கென்று ஒன்று கேட்டது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

பெட்டியில் என்ன வைப்பது என்று இணையத்தில் எட்டுப் பக்கங்கள் படித்தேன். வெயில் காலத்து ஐரோப்பிய நகரத்தில் நாலு நாள் தங்க என்னென்ன வேண்டும் என்று எல்லாரும் எழுதியிருந்தார்கள். மெல்லிய பருத்தி உடைகள், அகலமான தொப்பி, கறுப்புக் கண்ணாடி, நடந்து பழகிய செருப்பு, நூறு மில்லிக்கு உட்பட்ட வெயில் கிரீம், தண்ணீர் பாட்டில், ஒரு மெல்லிய சால்வை. இதை அப்படியே எழுதி, அடித்து, எங்களுக்கு ஏற்ப மாற்றினேன். அம்மாவுக்கு நாலு புடவை, எல்லாம் புதிது. குடை முந்நூற்றைம்பது கிராம் என்பதால் நீக்கினேன். தொப்பி நூறு கிராம்தான்.

பட்டியலில் இல்லாத ஒன்றை அம்மா தானாக வைத்திருந்தாள். அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை. நீலக் கட்டம், காலர் நைந்தது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வயலிலும் சாலையிலும் கட்டட வேலையிலும் வெயிலில் நிற்கிற பெண்கள் புடவைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். அம்மா முன்பு நாற்று நட்டாள். பன்னிரண்டு வருடமாக ஒரு தொழிற்சாலை வளாகத்தில் ஒப்பந்தக்காரரிடம் தோட்ட வேலை செய்கிறாள். அன்றும் இன்றும் மேலே அப்பாவின் சட்டைதான். என் கம்பெனி பஸ் அந்த வளாகத்தின் வேலியை ஒட்டித்தான் போகும்.

புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை, அம்மா பூ வாங்கக் கடைக்குப் போயிருந்தபோது, அந்தச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து பீரோவுக்குப் பின்னால் போட்டேன். எடை இருநூற்றிருபது கிராம். ஆனால் நான் எடுத்தது எடைக்காக இல்லை. ஐரோப்பாவில் எடுக்கும் போட்டோவில் அந்தச் சட்டை வரக்கூடாது என்று நினைத்தேன்.

சனி, காலை எட்டு மணி. பாதுகாப்புச் சோதனையில் அம்மாவின் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். மாங்காய் ஊறுகாய் பாட்டிலைத் தனியே எடுத்துவைத்தார்கள். ஊறுகாய் திரவக் கணக்கில் வருமாம், நூறு மில்லிக்கு மேல் கூடாது. கொண்டுபோகிறவர்கள் கவனிக்கவும். சாம்பார் பொடியைக் கையில் வாங்கி முகர்ந்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். அம்மா பொடியை மறுபடி உள்ளே வைக்க நேரம் எடுத்துக்கொண்டாள். பெட்டியின் அடிவரை கைவிட்டுத் துழாவினாள். பிறகு மூடிவிட்டாள்.

பத்து மணிக்கு விமானம். வளைகுடாவில் இறங்கி வேறு விமானம். ஸ்பெயினின் தலைநகர் மாட்ரிட் போய்ச் சேர்ந்தபோது அந்த ஊர் நேரம் இரவு எட்டரை, வெயில் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. "இன்னாடி இது, சூரியன் டூட்டி முடிஞ்சி ஊட்டுக்குப் போகாதா?" என்றாள் அம்மா. விமான நிலையத்திலிருந்து ரயில் நிலையத்துக்குப் பேருந்து ஆளுக்கு 5 யூரோ. நிலையத்துக்கு எதிரே ஒரு விடுதியில் படுத்தோம்.

ஞாயிறு, காலை ஒன்பது மணி ரயில். இரண்டரை மணி நேரத்தில் செவில். வழியெல்லாம் காய்ந்த மஞ்சள் நிலமும் ஒலிவ மரங்களும். நிலையத்துக்கு வெளியே மருந்துக்கடைப் பலகையில் 37 டிகிரி என்று ஒளிர்ந்தது. நம் ஊரில் இல்லாத வெயிலா என்று நான் நினைத்தேன். நம் ஊர் வெயிலில் வேர்வை கொட்டும். அங்கே வேர்வை தோலுக்கு வருமுன்னே காய்ந்துவிடுகிறது, அதனால் எவ்வளவு வெயில் ஏறியிருக்கிறது என்பதே தெரிவதில்லை.

நாங்கள் தங்கியது பிலார் என்ற அம்மாளின் வீட்டில், நடுவில் முற்றம் வைத்த பழைய வீடு. அவருக்கு அறுபது வயதிருக்கும், கையில் விசிறி ஓயவே இல்லை. எனக்கு ஸ்பானிஷ் தெரியாது, அவருக்கு ஆங்கிலம் அரைகுறை. அவர் தன் கைபேசியில் பேச, அது தமிழில் சொன்னது: "மதியம் இரண்டு முதல் ஏழு வரை தயவுசெய்து வெளியே செல்வதைத் தவிர்க்கவும்."

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "இன்னாடி, நியூஸ் வாசிக்கிற மாரி பேசுது!"

அந்த எச்சரிக்கையை நான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. மூன்றே நாள்தான் இருந்தது. நாலு மணிக்கே கிளம்பினோம். இரண்டு கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிட நடை. கடைத்தெருக்களில் இரு பக்க மாடிகளுக்கும் நடுவே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள், கல்யாணப் பந்தல் போல. அதன் கீழே நடக்கும்வரை நன்றாகவே இருந்தது. ஞாயிறு என்பதால் கடைகள் மூடியிருந்தன. பந்தல் முடிந்த இடத்திலிருந்து வெயில்.

கிரீமை அம்மா கையில் தடவிவிட்டிருந்தேன். கை சாம்பல் பூத்தாற்போல ஆனது. "சுண்ணாம்பு அடிச்ச மாரி கீது" என்று வழியிலேயே முந்தானையால் துடைத்துவிட்டாள். தொப்பி கொண்டைக்கு மேல் நிற்கவில்லை. ஒரு கையில் கைபேசி, ஒரு கையில் தண்ணீர் பாட்டில், இடுப்பில் பர்ஸ், நடுவில் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டும். அவளுக்குக் கை போதவில்லை.

படகுக்கு வரிசை. நிழல் கிடையாது. எங்களுக்கு முன்னால் பதினாறு பேர். இருபது நிமிடம் நின்றோம். அம்மா முழங்கைக்குக் கீழே இரண்டு கைகளையும் புடவைக்குள் சுருட்டிச் சுருட்டி மறைத்தாள். நாலு பேர் பாக்கி இருந்தபோது "வா, போலாம்" என்றாள்.

"இன்னும் அஞ்சு நிமிஷம்தாம்மா."

"போலாம்னு சொல்றன்ல."

டாக்சியில் திரும்பினோம், 8 யூரோ. வீட்டுக்கு வந்து பார்த்தால் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் கன்றிப்போயிருந்தது, தொட்டால் சுட்டது. பிலார் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் முற்றத்துத் தொட்டியிலிருந்து ஒரு மடலை ஒடித்து, பிளந்து, கொழகொழப்பைத் தடவினார்.

"அட, நம்ம சோத்துக் கத்தாழ" என்றாள் அம்மா. அந்த ஊரில் அவளுக்கு முதலில் தெரிந்த முகம் அதுதான்.

திங்கள், காலை ஒன்பது மணி. ரொட்டி, தக்காளி, காபி. நாஷ்டா முடிந்ததும் நான் பையை எடுத்தேன். அம்மா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

"நான் வர்ல. நீ போய் எல்லாம் பாத்துக்கினு வா."

"ஏம்மா? கை இன்னும் எரியுதா?"

"எரியுது. வெயில்ல போனா இன்னும் எரியும். உன்னோட சேந்து எனக்கும் பேஜாரு. நான் இந்த முத்தத்துல குந்திக்கினு இருக்கேன், நல்லாத்தான் கீது."

"அப்ப படகு?"

அம்மா ஜன்னலைப் பார்த்தாள். "சட்ட இருந்தா வந்திருப்பேன்."

நான் பையைக் கீழே வைத்தேன். அம்மாவே சொன்னாள்.

"தெரியும்டி. ஏர்போர்ட்ல பொடிய எடுக்கச் சொன்னாங்களே, அப்பவே பாத்தேன். அடியில மடிச்சி வச்சிருந்தேன், காணோம்."

"ஏம்மா அப்பவே கேக்கல?"

"கேட்டு இன்னா ஆவப்போவுது? பஸ்ல போறவ நீ. வேலிக்கு இந்தாண்ட நான் நிக்கசொல்ல நீ எந்தப் பக்கம் பாப்பன்னு எனக்குத் தெரியாதா? நாலு பேரு எதிர்ல உனக்கு ஒரு மாரியா இருக்கும்னு எடுத்திருப்ப. உன் டப்பு, உன் டூரு. நீ சொல்ற மாரி இருந்துட்டுப் போவோம்னு உட்டுட்டேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். நான் அறைக்கதவை மூடிவிட்டு வெளியே வந்தேன்.

பெரிய கடைத்தெருவில் தள்ளுபடிக் காலம். ஆண்கள் சட்டை மலைபோலக் கிடந்தது. லினன் முழுக்கை, 39.95 யூரோ, தள்ளுபடியில் 25.99. கை வைத்தால் காற்றுப்போல இருந்தது. ஆனால் ஒன்றிலும் பாக்கெட் இல்லை. மூன்று கடை ஏறி இறங்கினேன், மூன்றிலும் இல்லை. பாக்கெட் இல்லாத சட்டையை அம்மா தொடமாட்டாள். போன், மாத்திரை, சில்லறை, பஸ் டிக்கெட் எல்லாம் அவளுக்கு நெஞ்சுப் பாக்கெட்டில்தான். புடவையில் ஏது பாக்கெட்?

வீட்டுக்குத் திரும்பி பிலாரிடம் கேட்டேன். "கடினமாக உழைப்பவர்களின் சட்டை" என்று கைபேசி தமிழில் சொல்ல, அவர் காகிதத்தில் ஒரு தெருவின் பெயர் எழுதி, மணி இரண்டு என்று விரல் காட்டினார். இரண்டுக்கு மூடினால் மாலை ஐந்தரைக்குத்தான் திறப்பார்கள். ஐந்து தெரு தாண்டி ஓடினேன்.

அது வேலைக்காரர்கள் உடை வாங்கும் கடை. கண்ணாடிக்குப் பின்னால் தலைக்கவசம், கையுறை, இரும்பு முனை வைத்த பாதுகாப்புக் காலணி. காலணிக்குள் அச்சடித்த தரக் குறியீட்டைப் பார்த்தேன். என் தொழிற்சாலையில் நான் தினமும் போடுகிற காலணியிலும் அதே குறியீடு. அந்த ஊருக்கு வந்தபின் முதல் தடவையாக, என்ன வாங்குகிறேன் என்று தெரிந்து ஒரு கடையில் நின்றேன்.

கடைக்காரர் ஆங்கிலம் பேசினார். முழுக்கை, பருத்தி, பாக்கெட் வேண்டும் என்றேன்.

"அப்பாவுக்கா?"

"அம்மாவுக்கு."

அவர் ஆச்சரியப்படவில்லை. அடுத்த கேள்வி கேட்டார். "என்ன வேலை செய்கிறார்? வெல்டிங்கா, மின் வேலையா, பெயின்டா? வேலைக்கு ஏற்ப துணி மாறும்."

இந்தக் கேள்வியை என்னிடம் கல்லூரியிலும், வேலைக்குச் சேர்ந்தபோதும், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர்களும் கேட்டிருக்கிறார்கள். "வீட்டில்தான் இருக்கிறார்" என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

"தோட்ட வேலை" என்றேன். "நாள் முழுக்க வெயிலில் நிற்பார். இருபத்தைந்து வருடமாக."

அவர் எடுத்து வைத்திருந்த தடித்த சட்டையைத் திரும்ப அலமாரியில் வைத்தார். ஏணி போட்டு ஏறி வேறொன்றை எடுத்தார். வெளிர் நீலம், நெருக்கமாக நெய்த மெல்லிய பருத்தி, இரண்டு நெஞ்சுப் பாக்கெட், மூடி போட்டுப் பொத்தான் வைத்தது. அளவு கேட்டார். அம்மாவின் சட்டை அளவு எனக்குத் தெரியாது. அப்பாவுக்கு நாற்பது. "தோள் என்னளவு, கை இதைவிட நீளம்" என்று காட்டினேன். விலை 13.50 யூரோ.

அறைக்குள் போய்க் கட்டிலில் வைத்தேன். அம்மா உறையைப் பிரித்தாள்.

"பாக்கெட்டு கீதா?"

"ரெண்டு."

மூடியைத் திறந்து உள்ளே விரல்விட்டு ஆழம் பார்த்தாள். தையலைத் திருப்பிப் பார்த்தாள். "ரெட்டத் தையலு. உங்கப்பன் சட்டைங்க எல்லாம் ஒத்தத் தையலு, மூணு மாசத்துல பிரிஞ்சிக்கும்" என்றாள். பிறகு, "எவ்ளோ?"

சொன்னேன். ரூபாயில் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

"அம்மா, நான் அந்தச் சட்டைய…"

"உடுடி. எந்த பீரோ பின்னாடி?"

"பச்ச பீரோ."

"அங்க எலி பூந்து வருது. போனதும் மொதல்ல எடு."

அவ்வளவுதான் பேச்சு.

திங்கள், மாலை ஆறே முக்கால். மருந்துக்கடைப் பலகையில் 39. புதுச் செயற்கைப் பட்டுப் புடவை, மேலே நீலச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான் போட்டு, காலரைத் தூக்கிவிட்டு, தலையில் துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அம்மா எனக்கு முன்னால் நடந்தாள். இரண்டு கையும் காலி. ஒரு பாக்கெட்டில் போன், ஒன்றில் அறைச் சாவியும் மாத்திரையும். முந்தின நாள் இருபத்தைந்து நிமிடம் நடந்த தூரத்தை இருபது நிமிடத்தில் நடந்தோம். எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

படகு 6 யூரோ, முப்பத்தைந்து நிமிடம். துடுப்பை நான் எடுத்தேன். படகு சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு தடவை கரைச் சுவரில் இடித்தேன்.

"இங்க குடு" என்று அம்மா வாங்கிக்கொண்டாள். அவளும் ஒரு தடவை இடித்தாள். எதிரே வந்த படகில் இருந்த ஜோடியிடம் "நவுருப்பா, நவுரு, பிரேக் இல்ல!" என்று தமிழில் கத்தினாள். அவர்கள் நகர்ந்தார்கள். பிறகு பழகிவிட்டது. பாலங்களின் கீழ் குனிந்து குனிந்து வாய்க்காலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போனோம்.

"போட்டோ எடு" என்றாள். எடுத்தேன். சட்டை முழுதாகத் தெரிகிற மாதிரி எடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை தேவாலயம் பார்த்தோம், நுழைவுச்சீட்டுக்கு நீண்ட வரிசை, வெயிலில் ஒரு மணி நேரம். அம்மா அசையவில்லை. பக்கத்துப் பூங்காவில் தோட்ட வேலைக்காரர்கள் புதர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஏறக்குறைய இதே சட்டை. அதில் ஒரு பெண் அம்மாவின் சட்டையைப் பார்த்தாள், தன் சட்டையைக் கிள்ளிக் காட்டினாள். இருவரும் சிரித்தார்கள். அம்மா அவள் வெட்டிய புதரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "மட்டம் நல்லாத்தான் வெட்டுறாங்கோ. ஆனா நம்ம காண்ட்ராக்டரு பாத்தா, இன்னும் ஓரம் சீவுன்னு சொல்வாரு" என்றாள்.

புதன்கிழமை புறப்பட்டோம். பிலார் ஒரு விசிறியைக் கொடுத்தார். அம்மா மீதியிருந்த சாம்பார் பொடியைக் கொடுத்தாள். அதை என்ன செய்வது என்று கைபேசி விளக்கிய விதத்தில் அந்த அம்மாள் அதை ரொட்டியில் தடவித்தான் சாப்பிட்டிருப்பார்.

வெயில் காலத்தில் ஐரோப்பிய நகரம் போகிறவர்களுக்கு என் பட்டியல் இப்போது இப்படி இருக்கிறது. புடவை இரண்டு போதும், அங்கே துவைத்தால் ஒரு மணி நேரத்தில் காய்கிறது. தண்ணீர் பாட்டில் அவசியம், தெருக்குழாயில் பிடித்துக் குடிக்கலாம். கிரீம் தடவ மனமில்லாதவர்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள், துணியால் மூடிக்கொண்டால் போதும். இரண்டு மணிக்குமேல் ஏழு வரை அந்த ஊர்க்காரர்கள் செய்வதைப்போல வீட்டுக்குள் இருங்கள். கும்மிடிப்பூண்டியில் உச்சி வெயிலில் எல்லாரும் வேலையில் நிற்கிறார்கள். அங்கே ஊரே கதவைச் சாத்திவிடுகிறது. எங்கள் ஊரிலும் அப்படிச் சாத்த முடிந்தால் நன்றாக இருக்கும். அதுவரை, பெட்டியில் முதலில் வைக்க வேண்டியது முழுக்கைச் சட்டை, பாக்கெட்டோடு.

வியாழன் மாலை ஆரம்பாக்கம் வந்தோம். பச்சை பீரோவின் பின்னாலிருந்து பழைய சட்டையை எடுத்துத் துவைத்துக் கொடியில் போட்டேன். எலி கடிக்கவில்லை. மறுநாள் காலை அப்பா வேலைக்குக் கிளம்பும்போது பெட்டியின் மேலே மடித்து வைத்திருந்த நீலச் சட்டையைப் பார்த்திருக்கிறார். போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். தோள் சரியாகப் பொருந்தியது.

"துணி சோக்கா கீதே. ரெண்டு பாக்கெட்டு வேற. எனக்கா வாங்கியாந்த?" என்று என்னைக் கேட்டார்.

அடுப்பங்கரையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஆளின் சட்டைகளைப் போட்டு வெயிலில் நின்றவள்.

"அதக் கழட்டுயா" என்றாள். "அது என்னுது."